சர்வே எண்ணில் ஒரு சாய்கோடு

கேமரா வண்டி வாசலில் வந்து நின்றதும் நிற்காததுமாக, "உன்ற கேமராதான்டா என்ற போரைக் கொன்னு போட்டுது" என்று சின்னண்ணன் கத்தியதில் போன வாரம் நிறுத்தினோம். இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி.

கதிர்வேல் திருச்செங்கோட்டுக்காரன். ஊரில் போர் என்று சொல்லும் ஆழ்துளைக் கிணற்றுக்குள் கேமராவை இறக்கி, பைப் எங்கே உடைந்திருக்கிறது, பாறையின் எந்த இடுக்கில் தண்ணீர் கசிகிறது என்று பார்த்துச் சொல்வது அவன் தொழில். பதிவு செய்யும் கம்ப்யூட்டரும் ஹார்டு டிஸ்க்குகளும் மனைவி தனப்பிரியாவின் பொறுப்பு. ஜேடர்பாளையத்தில் இருக்கும் பெரியப்பா சின்னண்ணன், மேட்டுக்காட்டுப் போரில் தண்ணீர் கலங்கி வருகிறது என்று அவனைக் கூப்பிட்டார். கேமராவை இறக்கிப் பார்த்துவிட்டு, "பைப்புல விரிசல் இருக்குதுங்க பெரியப்பா, மோட்டாரை ஓட்டாதீங்க" என்று அவன் சொன்னான். பெரியவர் ஓட்டினார். மண் சரிந்து மோட்டார் உள்ளேயே சிக்கிக்கொண்டது.

கேமரா இறங்குவதற்கு முன் விரிசல் என்ற பேச்சே இல்லை. கேமரா இறங்கியது, விரிசல் வந்தது. சின்னண்ணனுக்கு அதற்குமேல் யோசிக்க எதுவும் இல்லை.

வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தும் அவர் உட்காரவில்லை.

"மரவள்ளி வாடிக் கெடக்குது. தென்னம்புள்ள வாடிக் கெடக்குது. இரும்புக் குண்டாட்டம் ஒண்ணக் கட்டி உள்ள உட்டு இடிச்சுப்போட்டு, வெரிசல் இருக்குதுன்னு எனக்கே சொல்றான்."

"பெரியப்பா, வீடியோ இருக்குதுங்க. ஒருதடவ பாத்துருங்க. அப்புறம் என்னைய என்ன வேணாலும் பேசுங்க," என்றான் கதிர்வேல். தலை குனிந்தே இருந்தது. அந்தக் குனிவைப் பார்த்துத்தான் தனப்பிரியாவுக்கு முதலில் எரிச்சல் மூண்டது. தப்புச் செய்யாதவன் ஏன் தரையைப் பார்த்துப் பேச வேண்டும்?

"நீ காட்டறதுதான அதுல வரும்?"

"இல்லீங்க மாமா," என்று அவள் முன்னால் வந்தாள். "கேமரா கீழ பாத்துக்கிட்டேதான் எறங்கும். எதுத்தாப்பல இருக்கறது மொதல்ல படத்துல தெரியும், அப்புறம்தான் கேமரா அந்த எடத்துக்குப் போகும். வெரிசல் தூரத்துலயே தெரியுதுங்க. கேமரா பட்டு ஒடஞ்சிருந்தா அது எப்படிங்க முன்னாலயே தெரியும்?"

சின்னண்ணன் ஒரு நிமிடம் யோசித்தார். நியாயத்துக்குக் காது கொடுக்காதவர் இல்லை. கோபம் வந்தால் மட்டும் காது கொஞ்சம் தாமதமாகத் திறக்கும்.

"கௌதமா! உன்ற லேப்டாப்ப எடுத்துட்டு வா."

மகன் கௌதமன் சேலம் சூரமங்கலத்தில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கிறவன். லீவுக்கு வந்திருந்தான். தனப்பிரியா நீட்டிய ஹார்டு டிஸ்க்கை வாங்கி வயரைச் செருகினான். 'ஜேடர்பாளையம்' என்ற ஃபோல்டரைத் திறந்தான். உள்ளே பெயர்கள் வரிசையாக வந்தன. அதில் ஒன்றை அழுத்தினான். 'ஃபைல் கிடைக்கவில்லை' என்று ஒரு கட்டம் வந்தது. மறுபடி அழுத்தினான். மறுபடி அதே கட்டம்.

"பேரு மட்டும்தான்பா இருக்குது," என்றான் அப்பாவைப் பார்த்து. "உள்ள காலி."

"காலியா? அது எப்படிக் காலியா இருக்கும்? நேத்துத்தான் வண்டியில போட்டுப் பாத்தேன்," என்றாள் தனப்பிரியா.

"அப்ப வண்டியிலயே இருந்திருக்கும் அண்ணி. இதுல இல்ல."

சின்னண்ணன் சிரித்தார். கத்துவதைக் காட்டிலும் அது மோசமாக இருந்தது. "பேரு இருக்குது, சரக்கு இல்ல. நல்லா இருக்குதுடா உன்ற தொழிலு. வள்ளி, கேட்டியா?"

உள்ளேயிருந்து மோர்ச் செம்போடு வந்த அவர் மனைவி வள்ளியாத்தாள், வந்தவர்களுக்குக் கொடுக்காமலே நின்றாள். "சொந்தத்துலயே இப்படின்னா, வெளிய எத்தன காட்டுல பொய்யி சொன்னாங்களோ."

அந்த நேரத்தில் திரையில் இன்னொரு கட்டம் முளைத்தது. இந்த டிஸ்க்கில் கோளாறு இருக்கிறது, சோதித்துச் சரிசெய்யவா என்று விண்டோஸ் கேட்டது. கௌதமனின் விரல் 'சரி' என்ற பொத்தானை நோக்கி நகர்ந்தது.

"கையெடுங்க!"

அவள் போட்ட சத்தத்தில் மாட்டுக் கொட்டகையில் எருமை எழுந்து நின்றுவிட்டது. சரிசெய்கிறேன் என்று இறங்கினால் விண்டோஸ் எதைத் தூக்கி எங்கே போடும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. அதை விளக்கிக்கொண்டிருக்க நேரம் இல்லை. எட்டி, வயரை அப்படியே பிடுங்கினாள்.

"என்ன அம்மிணி, ஊட்டுக்குள்ள வந்து புடுங்கற?" என்றாள் வள்ளியாத்தாள்.

"என்ற டிஸ்க்குங்க அத்தை. நான் புடுங்காம வேற ஆரு புடுங்குவா?"

"போதும்," என்றார் சின்னண்ணன். "கதிரு, எனக்கு உன்ற காசு வேண்டாம், மோட்டாரும் வேண்டாம். சாயந்தரம் பால் ஊத்த எல்லாரும் சொசைட்டிக்கு வருவாங்க. அங்க வந்து, என்ற கேமராதான் பைப்ப ஒடச்சுதுன்னு உன்ற வாயால சொல்லிப்போட்டுப் போ. சொல்லலீன்னா நான் சொல்வேன். நான் சொன்னா நம்ம பக்கத்து வேலூர்ல இருந்து பள்ளிபாளையம் வரைக்கும் ஒருத்தன் காட்டுல உன்ற கேமரா எறங்காது."

அவர் சொன்னால் அப்படித்தான் நடக்கும். இந்தப் பக்கத்தில் போர் போடுவதற்கு முன்னால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்காத விவசாயி குறைவு.

●

படுகை அணைக்குப் பக்கத்தில், மீன் வறுக்கும் கடைகளைத் தாண்டி, புளியமரத்தடியில் கதிர்வேல் வண்டியை நிறுத்தினான்.

"மீன் திங்கறியா?" என்றான்.

தனப்பிரியா அவனைப் பார்த்த பார்வையில், இறங்கப் போனவன் மறுபடி சீட்டில் உட்கார்ந்தான்.

"அத்தன பேச்சு பேசறாங்க. ஒரு வார்த்தை திருப்பிப் பேசறீங்களா? பள்ளிக்கூடத்துல முட்டி போட்ட பையனாட்டம் நிக்கறீங்க. ரோசம்னு ஒண்ணு இருக்குதா, இல்ல அதையும் போருக்குள்ள உட்டுட்டீங்களா?"

"பெரியப்பன்கிட்ட என்னத்த சண்ட போடறது?"

"அப்ப சொசைட்டியில போயி ஒத்துக்கங்க. நாளைக்கு மீன் கடை வெச்சுக்கலாம்."

பின்பக்கக் கதவைத் திறந்து வண்டிக்குள் ஏறினாள். ஒரு பக்கம் கேமரா வடத்தைச் சுற்றி இறக்கும் வின்ச் உருளை. மறுபக்கம் பேட்டரியில் ஓடும் பழைய கம்ப்யூட்டர். அதில் விண்டோஸ் போட்டால் மூச்சு வாங்கும் என்று லினக்ஸ் போட்டிருந்தாள். திருச்செங்கோட்டில் கல்லூரியில் படித்த கம்ப்யூட்டர் சயின்ஸ் வீணாகப் போகவில்லை என்று காட்டிக்கொள்ள அவளுக்கு இருந்த ஒரே இடம் இந்த வண்டிதான்.

டிஸ்க்கைச் செருகினாள். திறக்க மாட்டேன் என்றது கம்ப்யூட்டர்.

நாமக்கல் பக்கம் டிரைவர் என்றால் லாரிதான் நினைவுக்கு வரும். கம்ப்யூட்டருக்குள்ளும் டிரைவர் உண்டு. ஒரு டிஸ்க் தன்னுள்ளே இருக்கும் சரக்கை ஏதோ ஒரு முறையில் அடுக்கி வைத்திருக்கும். எந்தப் பெயருக்கு உரியது எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று தனக்குள் குறித்து வைத்திருக்கும். அந்த அடுக்குமுறைக்குத்தான் ஃபைல் சிஸ்டம் என்று பெயர். விண்டோஸின் முறை வேறு, லினக்ஸின் முறை வேறு. விண்டோஸ் முறையில் அடுக்கிய டிஸ்க்கை லினக்ஸ் படிக்க வேண்டுமானால், நடுவில் அந்த முறை தெரிந்த ஒரு மென்பொருள் உட்கார வேண்டும். அதுதான் டிரைவர். விவசாயிகள் வீட்டு லேப்டாப்பில் போட்டுக் காட்ட வசதியாக இருக்கட்டும் என்று தனப்பிரியா டிஸ்க்கை விண்டோஸ் முறையிலேயே வைத்து, வண்டிக் கம்ப்யூட்டரில் இந்த டிரைவரை அமைத்திருந்தாள்.

இப்போது முரண்டு பிடித்தது அந்த டிரைவர்தான். ஒரு விதத்தில் அது செய்தது சரி. ஒரு டிஸ்க்கில் வேலை தொடங்கும்போது விண்டோஸ் அதில் ஓர் அடையாளக் கொடி நட்டுவிடும். முறையாக விடைபெற்றுக் கழற்றினால் கொடியை எடுத்துவிட்டுப் போகும். தனப்பிரியா வயரைப் பிடுங்கினாளே, கொடி நட்டபடியே நின்றுவிட்டது. கொடியைப் பார்த்த டிரைவர், உள்ளே யாரோ பாதி வேலையில் விட்டுப் போயிருக்கிறார்கள், நானும் கை வைத்தால் இன்னும் கெடும் என்று ஒதுங்கி நின்றது.

கட்டாயப்படுத்தித் திறக்கவும் ஒரு வழி இருந்தது. கோபத்தில் கை அதற்குத்தான் போனது. அடக்கிக்கொண்டாள். எழுத வேண்டாம், படித்தால் மட்டும் போதும் என்று டிரைவருக்குக் கட்டளை கொடுத்தாள். எழுதாத விருந்தாளியால் கெடுதல் இல்லை என்று அதற்கும் தெரியும். டிஸ்க் திறந்தது.

வீடியோ இருந்தது. ஓடவும் ஓடியது. வட்டமான பைப், அதன் அடியில் இருட்டு, விளக்கு வெளிச்சத்தில் மிதக்கும் தூசு. மைக்கில் ஆழம் சொல்லிக்கொண்டே போகும் கதிர்வேலின் குரல். நூறடி தாண்டியதும், கீழே தூரத்தில், பைப்பின் சுவரில் கருப்பாக ஒரு கோணல் கோடு. கேமரா அதன் பக்கத்தில்கூடப் போகவில்லை.

"இருக்குது பாருங்க! இந்தா இருக்குது! காலின்னாரே உங்க தம்பி!"

"அப்ப அங்க ஏன் தொறக்கல?" என்றான் கதிர்வேல்.

பெயர்களைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். 217\3.

"ஏனுங்க. இந்தக் கோடு ஆரு போட்டது?"

"நான்தான். ஏன்?"

"சர்வே நம்பர்ல இப்படியா கோடு வரும்?"

"முன்னால சாயற கோடுதான் வரும். அதைப் போட்டா உன்ற கம்ப்யூட்டரு வேண்டாங்குது. இந்தக் கோட்டப் போட்டேன், எடுத்துக்கிச்சு. எல்லாக் காட்டுக்கும் அப்படித்தான் போட்டிருக்கறேன்." அவன் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "கோடே இல்லாம வெறும் 217ன்னு போட முடியுமா? எங்க தாத்தன் காடு மொத்தமும் 217. பாகம் பிரிச்சப்ப ஒண்ணு சித்தப்பனுக்கு, ரெண்டு எங்கப்பனுக்கு, மூணு பெரியப்பனுக்கு. கோட்டுக்குப் பொறவு இருக்கறதுதான காட்டுக்காரன் யாருன்னு சொல்லுது?"

தனப்பிரியா நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

கோழித் தீவன மூட்டை ஏற்றிய லாரி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். இங்கே எவ்வளவு உயரம் கட்டினாலும் கேட்க ஆள் இல்லை. மாநில எல்லையில் செக்போஸ்ட்காரர் அளவுகோலோடு நிற்கிறார். லாரியிலும் குறை இல்லை, சரக்கிலும் குறை இல்லை. இரண்டு ஊர்ச் சட்டம் வேறு வேறு, அவ்வளவுதான். ஃபைலுக்குப் பெயர் வைப்பதிலும் இதே கதைதான். லினக்ஸுக்கு முன்னால் சாயும் கோடு (/) ஒன்றுதான் ஆகாது. ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்று வழி சொல்ல அது அந்தக் கோட்டைப் பயன்படுத்துகிறது. பின்னால் சாயும் கோடு, கேள்விக்குறி, நட்சத்திரம் எது வந்தாலும் அது கண்டுகொள்ளாது. விண்டோஸோ பின்னால் சாயும் கோட்டைத்தான் வழி சொல்ல வைத்திருக்கிறது. 217\3 என்று கண்டதும், 217 என்ற ஃபோல்டருக்குள் 3 என்ற ஃபைலைத் தேடிப் போகும். அப்படி ஒன்று எங்கேயும் இல்லை. கிடைக்கவில்லை என்று கையை விரித்துவிடும்.

"அப்ப என்ற தப்பா?" என்றான் கதிர்வேல்.

"பாதி உங்க தப்பு. பாதி என்றது." சொல்லும்போது கசந்தது. விண்டோஸுக்கு ஆகாத பெயர் வந்தால் எழுதும்போதே தடுத்துவிடு என்று டிரைவரிடம் சொல்லி வைக்க ஓர் அமைப்பு உண்டு. நாமாகப் போட்டால்தான் வேலை செய்யும். செக்போஸ்ட்காரரை நம் வாசலிலேயே நிறுத்திக்கொள்வது மாதிரி. டிரைவரை அமைத்த அன்று அந்த ஒரு சொல்லைச் சேர்க்காமல் விட்டிருந்தாள். "என்னைய ஒரு வார்த்தை கேட்டிருந்தா..."

"நீ என்னைக்கு என்னையக் கேட்ட?"

அவன் சொன்னது உண்மை. அதனாலேயே கோபம் இன்னும் கொஞ்சம் ஏறியது.

பெட்டியில் பிரிக்காமல் இருந்த புது டிஸ்க்கை எடுத்தாள். இந்த முறை டிரைவருக்குக் கட்டளை கொடுக்கும்போது அந்தச் சொல்லைச் சேர்த்தாள். ஜேடர்பாளையம் ஃபோல்டர் முழுவதையும் புது டிஸ்க்குக்கு மாற்றச் சொன்னாள். ஒழுங்கான பெயர்கள் ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்தன. சாய்கோடு போட்டவை எல்லாம் வாசலிலேயே மடக்கப்பட்டன. பெயர் செல்லாது, பெயர் செல்லாது என்று திரையில் வரிசையாக ஓடியது. வேறு நாளாக இருந்தால் அதைப் பார்த்து மகிழ்ந்திருப்பாள். உள்ளே விட்டுவிட்டுப் பிறகு காணோம் என்பதற்கு, வாசலிலேயே முடியாது என்று சொல்வது எவ்வளவு நல்லது!

மடக்கப்பட்டவற்றில் சாய்கோட்டை எடுத்துவிட்டுச் சின்னப் படுகோடு போட்டு, மறுபடி அனுப்பினாள். 217\3 இப்போது 217-3.

கம்ப்யூட்டர் நின்றது. '217-3 என்ற பெயரில் ஏற்கெனவே ஒரு ஃபைல் இருக்கிறது. அதன் மேல் எழுதவா?'

ஆமாம் என்று அழுத்தியிருந்தால் பழையது சுவடில்லாமல் போயிருக்கும். பெயர் மாற்றுகிற வேலையில் இருக்கும் பெரிய பள்ளமே இதுதான். வேறு வேறாக இருந்த இரண்டு பெயர், ஓர் எழுத்தைத் திருத்தியதும் ஒன்றாகிவிடும். ஒன்று மற்றதை விழுங்கிவிடும். தனப்பிரியா கையை எடுத்துவிட்டாள்.

"பெரியப்பன் போர்ல இதுக்கு முன்னால கேமரா உட்டீங்களா?"

கதிர்வேல் வண்டியை விட்டு இறங்க எழுந்தான்.

"உக்காருங்க."

பழைய ஃபைலைத் திறந்தாள். தை மாதத் தேதி, அவள் வண்டியில் போகாத நாள். அதே பைப், அதே ஆழம். விரிசல் சின்னதாக, முடியிழை மாதிரி இருந்தது. முதலில் வந்தது கதிர்வேலின் குரல் இல்லை.

'நீங்க வின்ச்சப் பாருங்கண்ணா, பேர நான் போட்டுக்கறேன்.'

கௌதமனின் குரல். அதன் பிறகு ஆழம் சொல்லும் குரல். நூறடிக்குப் பிறகு அதுவும் நின்றது. பிறகு மறுபடி கௌதமன். தாழ்ந்த குரல்.

'அப்பா ஆஸ்பத்திரியில இருந்தப்ப போட்ட போருங்கண்ணா. கெட்டிப் பைப்புத்தான் எறக்கச் சொன்னாரு. கடையில இல்ல, வர ரெண்டு நாளாகும்னாங்க. போர் போடற ரிக்கு வண்டிக்காரன் நிக்க மாட்டேன்னுட்டான். இருந்த லேசுப் பைப்பை எறக்கிட்டேன். கெட்டிப் பைப்புன்னுதான் அப்பாகிட்டச் சொல்லி வெச்சிருக்கறேன். சொல்லிப்போடாதீங்கண்ணா. நானே நேரம் பாத்துச் சொல்லிக்கறேன்.'

'சரி. நான் சொல்லல.' அது கதிர்வேல்.

வெளியே அணையில் தண்ணீர் இரைந்தது. தனப்பிரியா திரையிலிருந்த பெயரில் விரலை வைத்தாள்.

"அவருதான் இந்தப் பேரப் போட்டது. கம்ப்யூட்டர்காரரு. எந்தக் கோடு ஆகாதுன்னு தெரிஞ்சு, ஆகற கோட்டப் போட்டிருக்கறாரு. காலைல உங்க கோட்டப் பாத்ததுமே, ஏன் தொறக்கலன்னு அவருக்குத் தெரியாம இருந்திருக்குமா? தெரிஞ்சுக்கிட்டே காலிங்கறாரு! தெரிஞ்சுக்கிட்டே 'சரி'ங்கறத அமுக்கப் போறாரு!" குரல் உடைந்தது. அழுகையில்லை, ஆத்திரம். "நீங்களும் தெரிஞ்சுக்கிட்டே தலையக் குனிஞ்சுக்கிட்டு நிக்கறீங்க."

"வாக்குக் குடுத்துட்டேன் பிரியா."

"அந்த ஆளு உங்களச் சந்தியில நிறுத்தறாரு. அவருக்கு வாக்கா?"

"அவனுக்கில்ல. தொழிலுக்கு. ஒருத்தர் போருக்குள்ள பாத்ததை இன்னொருத்தர்கிட்டச் சொல்றவன ஆரு காட்டுக்குள்ள உடுவா? கேமராக்காரனுக்கு வாய் இருக்கக் கூடாது."

"போரு கௌதமனுதா? பெரியப்பனுது. அவரு போருக்குள்ள இருக்கறத அவருகிட்டயே மறைக்கறது எந்த ஊரு நாயம்?"

அவன் திரையிலிருந்து கண்ணை எடுத்தான். பிறகு, "புதுசப் போட்டுக் காட்டு. நாம ஒடைக்கலன்னு தெரிஞ்சா போதும். பழசை அழிச்சுரு," என்றான்.

"அழிக்க மாட்டேன்."

"அப்பப் போடாம இரு. போட்டா, அது நானே என்ற வாயால சொன்ன மாதிரி."

"வாக்குக் குடுத்தது நீங்க. நான் ஆருக்கும் குடுக்கல."

இரண்டு பெயரையும் மாதத்தோடு சேர்த்து எழுதினாள். 217-3 தை. 217-3 ஆனி. இந்த முறை டிஸ்க்கை முறைப்படி விடுவித்து, கொடி இறங்கியதை உறுதி செய்துகொண்டுதான் வயரைக் கழற்றினாள்.

●

பால் சொசைட்டியில் கேன்கள் மோதும் சத்தம். வரிசையில் நின்றவர்கள் பால் ஊற்றியபின்னும் கலையவில்லை. விஷயம் பரவியிருந்தது. சின்னண்ணன் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கௌதமன்.

"வந்துட்டியா. சொல்லு," என்றார்.

"சொல்றதுக்கு முன்னால பாத்துருங்க மாமா," என்று தனப்பிரியா புது டிஸ்க்கைக் கௌதமனிடம் நீட்டினாள். "போடுங்க தம்பி."

அவன் தயங்கினான். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செருகினான். இரண்டு பெயர்களும் கண்ணில் பட்டதும் அவன் கை ஒரு கணம் அந்தரத்தில் நின்றது. அதைத் தனப்பிரியா மட்டும் பார்த்தாள்.

"ஆனின்னு இருக்குதே, அதைத் தொறங்க."

திறந்தது. கேன் சத்தம் நின்றது. கதிர்வேலின் குரல் ஆழம் சொல்லிக்கொண்டே இறங்க, சுற்றி நின்றவர்களும் கழுத்தை நீட்டி இறங்கினார்கள். நூறடி தாண்டியது. கருப்புக் கோடு தெரிந்தது.

"நிறுத்துங்க," என்றார் சொசைட்டிச் செயலாளர் தமிழரசு. கண்ணாடியை ஏற்றிவிட்டுத் திரையருகே குனிந்தார். "கவுண்டரே, கேமரா இன்னும் அங்க போகவே இல்லீங்களே."

"போகல," என்றது கூட்டத்தில் ஒரு குரல். "வெரிசல் மொதல்லயே இருக்குதாட்டம்."

சின்னண்ணன் மறுபடி போடச் சொல்லிப் பார்த்தார். மூன்றாம் தடவையும் பார்த்தார். பிறகு எழுந்து, கதிர்வேலின் தோளில் கை வைத்தார். "உன்ற கேமரா இல்லடா சாமி. தப்பா பேசிட்டேன்." அத்தனை பேர் முன்னால் அதைச் சொல்ல அந்த மனிதருக்கு எவ்வளவு கஷ்டம் என்று எல்லாருக்கும் தெரியும்.

கதிர்வேல் மனைவியைப் பார்த்தான். போதும், போகலாம் என்றது அவன் கண். தனப்பிரியாவுக்கும் போதும் என்றுதான் தோன்றியது.

ஆனால் சின்னண்ணனின் கோபம் அடங்கவில்லை. இருந்த இடத்தைவிட்டு இன்னோர் இடம் தேடியது.

"அப்பக் கெட்டிப் பைப்பு எப்படிடா வெரிசல் உடும்? அது என்ன, கீழ இன்னொண்ணு? அதே நம்பரு போட்டிருக்குது. தை மாசமா?"

"அது வேற காடுங்கப்பா," என்றான் கௌதமன். "நம்பர் மாறிப் போச்சு." பிறகு சுற்றியிருந்தவர்களைப் பார்த்துச் சிரிக்க முயன்றான். "அண்ணிக்கு ஒழுங்கா ஒரு பேரு வெக்கத் தெரியாது. காலைல அதனாலதான் இத்தன கூத்து."

அவ்வளவுதான். ஒரே ஒரு வார்த்தை, இருங்கப்பா அதை அப்புறம் சொல்றேன் என்று அவன் சொல்லியிருந்தால், தனப்பிரியா வீட்டுக்குப் போயிருப்பாள்.

"பிரியா," என்றான் கதிர்வேல்.

அவள் குனிந்து, 'தை' என்பதை அழுத்தினாள்.

'நீங்க வின்ச்சப் பாருங்கண்ணா, பேர நான் போட்டுக்கறேன்.'

சொசைட்டிக் கூடத்தில் ஒரு கேன்கூட அசையவில்லை. கௌதமன் லேப்டாப்பை மூடக் கை நீட்டினான். சின்னண்ணன் அந்தக் கையைப் பிடித்துக் கீழே வைத்தார். மகனின் முகத்தைப் பார்க்கவே இல்லை. படத்துக்குள் இறங்கும் பைப்பையும், அதற்குள்ளிருந்து வரும் மகனின் குரலையும், காதைத் திரைப் பக்கம் சாய்த்து, ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

'சரி. நான் சொல்லல' என்ற இடம் வந்தது. பெரியவர் தலையை நிமிர்த்திக் கதிர்வேலைத் தேடினார். தனப்பிரியாவும் திரும்பினாள்.

அவன் நின்றிருந்த இடம் காலியாக இருந்தது. வெளியே கேமரா வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. அவள் வாசலுக்கு ஓடி வருவதற்குள், பின்பக்கக் கதவின் தாழ்ப்பாள் ஆடியபடி, அது திருச்செங்கோட்டுச் சாலையில் திரும்பிவிட்டது.